கட்டிப்போட்ட நாய்

"அதுல கத்தி வைக்காத" என்றாள் பொன்னுத்தாய்.

முற்றத்தில் செத்த ஆடு கிடந்தது. பின்னங்கால் முழுக்கக் கழிச்சல் காய்ந்து ஒட்டியிருந்தது. அவள் புருஷன் சேவுகன் அரிவாளைக் கல்லில் தீட்டுவதை நிறுத்தவில்லை.

"மூணு நாளா வெறுங்கூழு குடிக்கிறோம். வந்ததத் திருப்பி விட்டா ஐயா என்ன நெனப்பாரு?"

கந்தர்வக்கோட்டைக்குத் தெற்கே இருந்த அந்த ஊரில், மேலத்தெரு ஆவுடையப்பனுக்கு இருநூறு ஆட்டுப் பட்டி. பட்டியைக் கூட்டிப் புழுக்கை அள்ளுவது கீழத்தெருச் சேவுகன் குடும்பம். பட்டியில் எது செத்தாலும் அது அவர்களுக்கு. கூலியில் பாதி அதுதான். ஆடு வேண்டாம் என்றால் வேலையும் வேண்டாம் என்று அர்த்தம். இதற்கு வழக்கம் என்று பெயர். நோயில் செத்ததைத் தின்னச் சொல்வதற்கு எவ்வளவு மரியாதையான பெயர் பாருங்கள்!

முற்றத்தில் இரண்டு கம்புகளுக்கு நடுவே ஒரு கயிறு தொங்கியது. இரண்டு வருஷமாக அதில் எதையும் காயப்போடவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், பர்மா அரிசி வரத்து நின்றுபோன அந்த வருஷமும் ஆடுகள் இப்படித்தான் குறைமாசத்தில் குட்டி வீசின, கழிந்தன, செத்தன. வந்த ஆட்டைத் துண்டு போட்டு, உப்பும் மஞ்சளும் தடவி, அந்தக் கயிற்றில் உப்புக்கண்டமாகக் கோத்தவள் பொன்னுத்தாய்தான். அரைகுறையாய்க் காய்ந்த துண்டை இழுத்து, தணலில் லேசாக வாட்டித் தின்றது ஆறு வயது மூக்காயி. முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை என்று மூக்குக் குத்திப் பேர் வைத்த பிள்ளை. மறுநாள் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும். நாலாம் நாள் முடிந்துவிட்டது. கடைசிவரை "ஆத்தா, தண்ணி" என்றுதான் கேட்டது. தண்ணீர் கொடுத்தால் போக்கு கூடும் என்று தெருவே சொல்லிற்று. அவளும் கொடுக்கவில்லை.

அந்தக் குரல் இன்னும் வீட்டை விட்டுப் போகவில்லை. கயிறு காற்றில் ஆடினால் கேட்கும். குடத்தைச் சாய்த்தால் கேட்கும். "அத அவுத்து எறி புள்ள" என்று சேவுகன் எத்தனையோ தடவை சொல்லிவிட்டான். அவளுக்குக் கை வரவில்லை.

இப்போது ஒன்றரை வயதுச் சின்னப்பிள்ளை ஆட்டைப் பார்த்துத் தத்தித் தத்திப் போயிற்று. பொன்னுத்தாய் பாய்ந்து தூக்கினாள்.

ஆட்டை இழுத்து வந்த மேய்ப்பன் செல்லமுத்து வேலிக்கு வெளியே நின்று மண்ணைத் தேய்த்துக் கை கழுவிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, பட்டி நாய் எங்க? ஒங்க காலச் சுத்திக்கிட்டே வருமே?" என்று கேட்டாள் பொன்னுத்தாய்.

"அதக் கட்டிப் போட்டாச்சு. நேத்துப் புதுக்கோட்டையிலேருந்து மாட்டு டாக்டர் வந்தாருல்ல, இது ஒட்டுவாரொட்டி, குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் பொதைங்க, மனுசனோ நாயோ யாரு வாயிலயும் படக்கூடாதுன்னாரு. ஐயா ஒடனே நாயக் கட்டச் சொல்லிட்டாரு."

சொல்லி முடித்த பிறகுதான் செல்லமுத்துவுக்குத் தான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டான். சேவுகன் அரிவாளைக் கீழே வைத்தான்.

பொன்னுத்தாய் பிள்ளையைப் புருஷனிடம் கொடுத்தாள். இரண்டு வருஷமாக அவிழ்க்காத கயிற்றை அவிழ்த்தாள். ஆட்டின் காலில் கட்டி இழுத்தாள்.

"ஏ புள்ள, பட்டப்பகல்ல, மேலத்தெரு வழியாவா?"

"அவுகளுதுதான? அங்கிட்டுத்தான் போகணும்."

மேலத்தெருவில் கதவுகள் சாத்தப்பட்டன. ஆவுடையப்பன் வாசலில் நின்றார். பக்கத்தில் பூவரச மரத்தில் கட்டிய நாய் பால்சோறு தின்றுகொண்டிருந்தது.

"என்னடி இது?"

"ஒங்க ஆடுங்கய்யா."

"ஒனக்குக் குடுத்ததுதான?"

"நாய ஏன்யா கட்டிப் போட்டிருக்கீங்க?"

ஆவுடையப்பன் கெட்ட மனுஷர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கோயிலுக்கு மணி செய்து போட்டவர். கீழத்தெரு வயிறு வேறு மாதிரி வயிறு என்று மனசார நம்பினார், அவ்வளவுதான்.

"நீங்க வேகவச்சுத்தான திங்கிறீங்க? ஒங்க ஒடம்புக்கு இது ஒண்ணும் பண்ணாது."

"எம் மூக்காயிக்குப் பண்ணுச்சேய்யா."

பதில் வராதவர்களுக்குக் கோபம் வரும், அவருக்கும் வந்தது.

"செத்தத இழுத்துட்டு வந்து தெருவையே தீட்டாக்கிட்டாளே! எல்லாரும் மஞ்சத்தண்ணி கொண்டாங்க!"

சாத்திய கதவுகள் திறந்தன. ஆடு உரசி வந்த தடம் முழுக்கக் குடம் குடமாகத் தண்ணீர் கொட்டினார்கள். புழுதி குடித்தது. போதாதென்று இன்னும் கொட்டினார்கள். பொன்னுத்தாய் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள். "ஆத்தா, தண்ணி" என்று பக்கத்திலேயே கேட்டது. அவளுக்கு அழுகை வந்தது. அங்கே அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

சேவுகன் ஒரு கையில் பிள்ளையும் மறுகையில் மண்வெட்டியுமாக வந்து சேர்ந்தான். யாரையும் கேட்காமல் பட்டிக்குப் பின்னால் குழி வெட்டினான். ஆட்டோடு கயிற்றையும் போட்டு மூடினார்கள். அன்று சாயங்காலமே வேலை போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததும் பொன்னுத்தாய் குடத்தைச் சாய்த்துச் சின்னப்பிள்ளைக்குப் புகட்டினாள். ஒரு கொட்டாங்கச்சியில் தண்ணீர் ஊற்றி, கயிறு இல்லாத கம்பின் அடியில் வைத்தாள்.

மறுநாள் பட்டியில் இன்னும் மூன்று ஆடு செத்தது. ஆட்டையும் பட்டி வேலையையும் யாராவது ஏற்றுக்கொள்ளுங்கள் என்று செல்லமுத்து கீழத்தெருவில் வீடு வீடாகக் கேட்டுப் போனான். பதினொரு வீடு. பதினொன்றிலும் அடுப்பில் கூழ்கூட இல்லாத நாள் அது. எந்த வீட்டிலும் அவனை யாரும் திட்டவில்லை. ஒவ்வொரு வாசலிலும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்.

"நாய அவுத்து விட்டாச்சா?"