ஹாஜி மன்சூர் வாங்கிய கஃபன்

நாடகத்தில் அப்பாவாக நடிப்பவனை நிஜ அப்பாவாக நினைத்துக்கொள்வது எங்கள் எகிப்துக்காரர்களின் பழைய பைத்தியம். நடிகர் நஷ்ஆதுக்கே அந்தப் பைத்தியம் கொஞ்சம் பிடித்திருந்தது. அதுதான் வினை.

அந்த ரமலான் தொடரில் அவர்தான் ஹாஜி மன்சூர். மகனைக் கொன்றவன் தன் பிணத்துக்கான கஃபன் துணியைத் தானே ஏந்தி வந்து நிற்க, பழியை விட்டு அதை வாங்கிக்கொண்ட தகப்பன். பத்தாம் நாள் அந்தக் காட்சி வந்தபோது ஊரே அழுதது. மறுநாளே சோஹாக் பக்கமிருந்து நஸீரா என்கிற விதவை படப்பிடிப்புக்கு வந்து அவர் காலில் விழுந்தாள். வாய்க்கால் தகராறில் அவள் மகன் பஹ்ஜத், கலஃப் என்பவரின் மூத்த மகனை அடித்துக் கொன்றிருந்தான்.

"மூணு தடவ பெரியவங்க போயி மன்னிப்புக் கேட்டாச்சு, கலஃப் மசியல. ஆனா உங்க நாடகத்த ஒருநாள் விடாம பாத்து அழுவாராம். எம்புள்ளயோட நீங்க நடந்து வந்தாப் போதும், ஹாஜியாரே."

செத்தவன் வீட்டாரிடம் முன்கூட்டிச் சம்மதம் வாங்காமல் கஃபனோடு எவரும் வாசல் மிதிப்பதில்லை. விறுவிறுப்புக்காக நாடகத்தில் அதை வெட்டியிருந்தார்கள். நஷ்ஆதும் வெட்டிவிட்டார்.

"நேராப் போவோம்மா. என் மூஞ்சியப் பாத்து எவன் மாட்டேம்பான்?"

படப்பிடிப்பு ஓய்ந்து, இருபத்துநாலாம் நோன்பன்று சாயங்காலம் கலஃபின் ஊருக்குப் போய்ச் சேர்ந்தார்கள். நஸீரா காரிலேயே இருந்துகொண்டாள். தெருவில் ஒரு பெண் இல்லை, ஒரு குழந்தை இல்லை. கடைக்காரர் ஒருவர் நஷ்ஆதைப் பார்த்துச் சிரித்தார்; பக்கத்தில் வந்த பஹ்ஜத் கையிலிருந்த கஃபனைப் பார்த்ததும் கதவை இழுத்துச் சாத்தினார். அவன் தோளை நஷ்ஆத் பிடித்துக்கொண்டார்.

முற்றத்தில் கலஃப் எழுந்து வந்து அவர் தோளில் முத்தமிட்டார். கஃபனைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"நேத்து பாத்தேன் ஹாஜியாரே. நீங்க மன்னிச்சு விட்டவனே உங்க ரெண்டாவது மகனையும் கொன்னுட்டானே! 'அன்னிக்கே பழி தீத்திருந்தா இவன் இருந்திருப்பான்'னு கதறுனீங்களே. எனக்கு இன்னும் ரெண்டு பசங்க இருக்காங்க."

வசனம் பேசி முடித்ததும் மறந்துவிடுகிற ஆள் நஷ்ஆத்.

"ஐயோ, அது எவனோ எழுதுனதுங்க! நான் நடிச்சேன், அவ்வளவுதான்!"

"அப்ப மன்னிச்சது?"

கலஃபின் மகன்கள் இருவரும் வாசலைச் சாத்திவிட்டு வந்தார்கள். ஒருவன் கையில் துப்பாக்கி.

"பாங்கு சொல்ற நேரம். நீங்க என் விருந்தாளி, உள்ள வாங்க, நோன்பு தொறப்போம். அவன் இங்கயே நிக்கட்டும்," என்றார் கலஃப்.

"வாப்பா, விட்டுராதீங்க," என்றான் பஹ்ஜத். கலஃபைப் பார்த்துச் சொல்லவில்லை. நஷ்ஆதைப் பார்த்துத்தான் சொன்னான்.

நஷ்ஆத் பயந்துவிட்டார். தன் உயிர் ஒன்றுதான் அப்போது நினைவில் இருந்தது. தோளிலிருந்து கையை எடுத்தார்.

பாங்கு ஒலித்தது. உள்ளே கலஃப் தட்டை நீட்ட, அவர் பேரீச்சம்பழத்தை வாயில் வைத்தபோது முற்றத்தில் துப்பாக்கி வெடித்தது.