கராம்பை மோப்பம் பிடித்த வெளிச்சம்

அக்குறணையில் நஸீபின் கடைக்குள் கிடந்த கராம்பை, கண்டியில் இருந்த ஒரு வெளிச்சம் மோப்பம் பிடித்தது. கண்ணுக்கே தெரியாத வெளிச்சம்; மூக்கும் கிடையாது. பக்கத்தில் நின்று பார்த்தவன் நான்.

நஸீப் பலசரக்கு வியாபாரி. தெல்தெனியப் பக்கத்துக் கொக்கோக் கொட்டை வாங்கி வைத்திருந்தார். பழைய இனம் என்று நிரூபித்தால்தான் எடுப்பேன் என்றிருந்தார் சொக்லேட் செய்யும் இளங்கோ. என் மகள் ஜூலி கண்டியில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறாள். ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியனான நான் மழை பெய்யாத நாளிலும் அங்கேதான் ஒதுங்குவேன். நஸீபையும் கொட்டைகளோடு கூட்டிப்போனேன்.

"டோர்ச் அடிச்சா கொட்ட அதுட வாப்பா பேரச் சொல்லுமா? புளுகாதீங்க மாஸ்டர்."

"பாட்டன் பேரையும் சொல்லும். பொறுங்க நஸீப் நானா."

ஜூலி கொட்டைகளை அகச்சிவப்பு ஒளியில் வைத்தாள். திரும்பி வந்த ஒளியை இயந்திரம் வளைகோடாகக் கீறியது. கணினி அந்தக் கோடுகளை ஒப்பிட்டுக் கணக்குப் பார்த்து, திரையில் கொட்டைக்கு ஒரு புள்ளி வைத்தது. ஒரே இனத்துப் புள்ளிகள் கலியாண வீட்டுச் சொந்தக்காரர் மாதிரி ஒன்றாகக் குந்தும். ஜூலி முன்பே அளந்து வைத்த மாதிரிகளில் இடப்பக்கம் பழைய இனம், வலப்பக்கம் புதியது. நஸீபின் கொட்டைகளோ மேல் மூலையில், எல்லாரோடும் கோபித்துக்கொண்டு தனியாக.

"உலகமே காணாத இனம்!" என்றேன். மனதுக்குள் 'வலன்ரைன் இனம்' என்று என் பெயரையே வைத்து, ஏழு நாட்டு விஞ்ஞானிகளிடம் மாலையும் வாங்கி முடித்தேன்.

நஸீபின் முகம் வெளிறியது. "அப்ப பழசில்லயா? இளங்கோ எடுக்க மாட்டாரே."

"எந்தச் சாக்குல கட்டினீங்க நானா?" என்றாள் ஜூலி.

"கராம்பு வந்த சாக்குலதான். நல்லாத் தட்டித்தான் போட்டேன்."

அக்குறணையில் சாக்குக்கு ஓய்வூதியம் கிடையாது. மிளகு இறங்கினால் கராம்பு ஏறும், கராம்பு இறங்கினால் கொக்கோ.

கராம்பு எண்ணெய் ஒட்டியிருந்த தோலை ஜூலி உரித்து, உள்பருப்பை அரைத்து மறுபடி வைத்தாள். புள்ளிகள் மூலையை விட்டிறங்கி, பழைய இனத்தின் நடுவே போய்க் குந்தின. என் இனம் ஞானஸ்நானத்துக்கு முன்பே செத்தது.

கடைக்கு வந்த இளங்கோ இரண்டு முடிவுகளையும் பார்த்தார்.

"தோல நாங்க எப்படியும் எடுத்திருவோம். ஆனா வெளிச்சம் கராம்பக் கண்டுபிடிச்சதுன்னு நம்பச் சொல்றீங்களா?"

நஸீப் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். முதல் முடிவு பொய்யென்றால் இரண்டாவதை யார் நம்புவார்?

"நானும் மாஸ்டர் புளுகுறார் எண்டுதான் நினச்சேன்," என்றார் நஸீப், பல்லைக் கடித்துக்கொண்டு. "ஆனா நடந்தது. எண்ட கண்ணால கண்டேன்."