செண்பகவல்லி வீட்டுக்கு வந்த பேச்சு

கரிசல்குளத்தில் யாராவது ஒரு பொய்ப்பேச்சைக் கிளப்பிவிட்டால், அது ஊரெல்லாம் சுற்றிவிட்டுப் புறப்பட்ட வீட்டுக்கே திரும்பி வந்து தங்கும். தங்குகிற வரைக்கும் அதற்குச் சோறு போட வேண்டியது கிளப்பியவர் பொறுப்பு. செண்பகவல்லி கிளப்பிய பேச்சு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்து சேர்ந்தது. பார்க்க நாற்பது வயது ஆள் போலிருந்தது. வயிற்றின்மேல் சட்டைப் பொத்தான் பூட்டவில்லை. போன வீட்டிலெல்லாம் நல்ல கவனிப்பு போலிருக்கிறது.

"நான்தாம்மா, ஊசி போட்டா கரு தங்காது," என்று தன்னைச் சொல்லிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தது.

வந்தவர் யார் என்று அவள் கணவன் ராமசுப்பு கேட்டான். அம்மா வழியில் தூரத்துச் சொந்தம் என்றாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். அந்தப் பூசணிக்காயோ எதிரிலேயே உட்கார்ந்து ஏழாவது இட்லிக்குச் சட்னி கேட்டது.

அது பிறந்த கதை அவளுக்கு மட்டும்தான் தெரியும். குழந்தைக்காக மூன்று வருடமாக டாக்டர் மெஹருன்னிசாவிடம் போய்க்கொண்டிருந்தாள். தொடக்கத்தில் ரூபெல்லா தடுப்பூசி போட்ட நர்ஸ், இதைப் போட்டால் ஒரு மாதம் கழித்துத்தான் கரு உண்டாகலாம் என்று சொல்லி அனுப்பினார். அது அந்த ஒரு ஊசிக்கு உள்ள கணக்கு. அடுத்த வருடம், டாக்டரே சொல்லி, ஃப்ளூ காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொண்டாள். பத்து நாள் கழித்து, சோதனைக்குழாயில் உண்டாக்கிய கருவை உள்ளே வைத்தார்கள். தங்கவில்லை. ஊசிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது என்று டாக்டர் அன்றைக்கே பொறுமையாகச் சொன்னார். அவளுக்கும் நன்றாகவே புரிந்தது.

ஆனால் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் ஏன் தங்கவில்லை என்று கேட்டுவிட்டு, அவள் வயிற்றையே பார்த்தார்கள். வயிற்றுக்கு வெளியே ஒரு காரணம் இருந்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது. நர்ஸ் ஒரு ஊசிக்குச் சொன்னதை எடுத்து இன்னொரு ஊசியின் தலையில் கட்டினாள். சிகிச்சைக்கு வரும் பெண்களின் வாட்ஸ்அப் குழுவில் நாற்பது வினாடி பேசி அனுப்பினாள். ஐயோ பாவம் என்று பதில் வரவர மனசு லேசானது. அப்படி லேசானதை நினைத்தால்தான் இப்போது அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

பேச்சு நாற்பத்தொரு வீட்டில் தங்கியிருந்தது. சாப்பிட்டுக்கொண்டே ஒவ்வொரு வீட்டுக் குழம்பையும் பற்றிச் சொன்னது. கடைசியாக ஒரு மாதம் இருந்தது அவளுடைய நாத்தனார் சங்கரேஸ்வரி வீட்டிலாம். அங்கேதான் மரியாதை அதிகமாம். சங்கரேஸ்வரிக்கு அப்போது ஆறாம் மாதம். அவள் ஊசி போட்டுக்கொண்டாளா என்று கேட்கச் செண்பகவல்லிக்குத் தைரியம் வரவில்லை.

நம்பியவர் முகத்தைப் பார்த்து, நான்தான் கிளப்பினேன் என்று ஒப்புக்கொண்டால் பேச்சு கிளம்பிவிடும். அது ஊர் வழக்கம். நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று ஐந்து நாள் மென்று விழுங்கினாள். ஆறாம் நாள் காலையில் போன் வந்தது. சங்கரேஸ்வரியை ஃப்ளூ காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். மூச்சு வாங்குகிறதென்று ஆக்சிஜன் வைத்திருந்தார்கள். வயிற்றுப் பிள்ளையை இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் பார்க்கிறார்களாம்.

ஆட்டோவில் பேச்சும் ஏறிக்கொண்டது. ஆட்டோக்காரர் அதற்கு வணக்கம் வைத்து, வீட்டுப்பக்கம் ஆளையே காணோமே என்று விசாரித்தார். செண்பகவல்லி முந்தானையை இழுத்து முகத்தில் பாதியை மூடிக்கொண்டாள்.

வார்டில் பேச்சு கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்துகொண்டது. சங்கரேஸ்வரி அதை அடையாளம் கண்டு, முகமூடியை லேசாக விலக்கினாள்.

"இவரு பேச்சைக் கேட்டுத்தான் மதினி, ஊசி வேண்டாம்னு எழுந்து வந்தேன். எந்த வீட்டுல இருந்து புறப்பட்டாரோ."

செண்பகவல்லி கதவைப் பார்த்தாள். போய்விடலாம். யாரும் தடுக்கப் போவதில்லை.

"என் வீட்டுல இருந்துதான், ஈஸ்வரி," என்றாள். "பொய்னு தெரிஞ்சேதான் சொன்னேன். பழி என் வயித்து மேல விழக் கூடாதுன்னு ஊசி மேல போட்டேன். அந்த ஊசியை மாசமா இருக்கும்போதும் போடலாம், என்னை மாதிரி சிகிச்சையில இருக்கும்போதும் போடலாம். டாக்டர் சொன்னாங்க. நான் உனக்குச் சொல்லல."

சங்கரேஸ்வரி முகமூடியைச் சரிசெய்துகொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. பேச்சு எழுந்து, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் படியிறங்கிப் போயிற்று.

கொஞ்ச நேரத்தில் வார்டு நர்ஸ் ஒரு துணிச்சுருளோடு வந்து, ஒப்புக்கொண்டது யார் என்று கேட்டார். செண்பகவல்லி கை தூக்கினாள். அவள் சொன்ன உண்மை அதற்குள் பச்சைக்குழந்தையாகச் சுருண்டிருந்தது; அதை அவள் கையில் கொடுத்து, எடை இரண்டு கிலோ இருநூறு என்று சீட்டு எழுதினார். பொய் போல இது நடந்து போகாது, நாற்பத்தொரு வீட்டுக்கும் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும், வழியில் கீழே இறக்கக் கூடாது என்றார்.

அவளுக்குப் பிள்ளை தூக்கிப் பழக்கமில்லை. கையை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். சுவரைப் பார்த்துக் கிடந்த சங்கரேஸ்வரி, அரைவாசி திரும்பினாள்.

"தலையைத் தாங்கிப் பிடிங்க மதினி," என்றாள். "கழுத்து இன்னும் நிக்கல."

செண்பகவல்லி தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வெயிலில் இறங்கி நடந்தாள். முதல் வீட்டுக் கதவைத் தட்டும்போது அது விழித்துக்கொண்டு பசியில் அழத் தொடங்கியது. கதவைத் திறந்த அம்மாள் யார் பிள்ளை என்று கேட்டாள்.

என் பிள்ளைதான் என்றாள் செண்பகவல்லி, தலையை நிமிர்த்தாமல்.