உப்பை யாரும் கேட்கவில்லை

சாயங்காலம் கோபியில் நூலக வாசகர் கூட்டத்தில் பேச வேண்டும். அதற்காக ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே சசிதர் சட்டையில் கம்பியில்லாக் காலர் மைக்கை மாட்டிக்கொண்டு ஒத்திகைக்கு நின்றுவிட்டான். கல்லூரியில் வரலாறு எடுப்பவன்தான். ஆனால் மாணவர்கள் தூங்கினால் போகாத மானம் ஊர்க்காரர்கள் தூங்கினால் போய்விடுமே. கூடத்து மூலையில் சின்ன ஸ்பீக்கர். கேட்க இரண்டே பேர்: சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மனைவி கோகிலா, ஜன்னலோரம் காலை மடக்கி உட்கார்ந்திருந்த தங்கை மௌனிகா.

மௌனிகா போன வாரம் உடுமலையிலிருந்து ஒரு பையோடு வந்தவள். பார்மசி படித்தவள். அவளுடைய சான்றிதழ், கணவன் திருமூர்த்தியின் சிநேகிதன் நடத்தும் மருந்துக்கடையில், கடை உரிமத்துக்காக, கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. அவளோ வீட்டுக் களத்தில் தேங்காய்ப் பருப்பு காய வைத்துக்கொண்டிருந்தாள். 'என் பேர் தொங்கும் இடத்தில் நானும் இருக்கணும், இல்லையென்றால் பேரைக் கழற்றிக்கொண்டு வாருங்கள்' என்று கணவனிடம் கேட்டாள். சிநேகிதனுக்குக் கொடுத்த வாக்குதான் பெரிதென்று திருமூர்த்தி சொல்ல, பஸ் ஏறிவிட்டாள்.

திருமூர்த்தி வேறு யாருமில்லை, கோகிலாவின் அண்ணன். பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்தம். ஒரே பந்தல், இரண்டு தாலி. அப்படிப்பட்ட சம்பந்தத்தில் ஒரு வீட்டு அடுப்பு புகைந்தால் அடுத்த வீட்டில் கண் எரியும்.

சசிதர் தொண்டையைச் செருமினான். "ஆயிரம் வருசத்துக்கு முந்தி நம்ம ஊர்கள்ல காசு பொழங்கறது கம்மிங்க. பொதிமாட்டுல உப்பு ஏத்திக்கிட்டுக் கணவாய் தாண்டி வருவாங்க. இங்க நெல்லு இருக்கும். நெல்ல அளந்து குடுத்து உப்ப அளந்து வாங்கிக்குவாங்க. உப்பு வேணும்கறவனுக்கு உப்பு, நெல்லு வேணும்கறவனுக்கு நெல்லு. ரெண்டு பக்கமும் சந்தோசம். யாருக்கும் நட்டமில்லீங்க."

"அண்ணா, ஒரு சந்தேகம்" என்றாள் மௌனிகா.

"கேளு அம்மணி."

"உப்ப யாராச்சும் கேட்டாங்களா? நெல்லுக்காரன் ஊட்டுக்குப் போறயான்னு?"

கோகிலாவுக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் அடக்கிக்கொண்டாள். சசிதர் மட்டும் முழுசாகச் சிரித்தான். "உப்புக்கு வாய் இருந்தாக் கேட்டிருப்பாங்க."

அப்போது கைப்பேசி அடித்தது. மாமியார் மயிலாத்தாள். சசிதர் எடுத்துக்கொண்டு புழக்கடைக்குப் போனான்.

"மாப்ளே, நல்லா இருக்கறீங்களா? ஊருக்குள்ள நாலு பேரு கேக்கறாங்கங்க. எங்க ஊட்டுக்கு வந்த பொண்ணு அங்க இருந்தா, எங்க பொண்ணும் இங்க வந்து கொஞ்ச நாள் இருக்கட்டும். அதானுங்க மொற?"

குரலில் சர்க்கரை. சசிதர் காதலித்துக் கட்டியவள் கோகிலா. அவள் இல்லாத வீட்டை அவனால் நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை. அந்த நொடியில் தங்கையின் முகம் அவன் மனசில் வரவே இல்லை.

"அப்படிச் சொல்லாதீங்க அத்தை. கோகிலா இங்கயே இருக்கட்டும்ங்க. மௌனிய பொதன்கெழம நானே கொண்டாந்து உட்டர்றேன். இல்லீங்க, அவளக் கேக்க என்ன இருக்குதுங்க? ரெண்டு நாளைக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவா, அப்பறம் சரியாப் போயிரும். சர்டிபிகேட்தானுங்க, தொங்குனாத் தொங்கிட்டுப் போகட்டும்."

பெரிய காரியத்தை முடித்த நிம்மதியோடு உள்ளே வந்தான். கோகிலாவும் மௌனிகாவும் அவனைப் பார்க்கவில்லை. மூலையில் இருந்த ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதிலிருந்து புஸ்புஸ் என்று ஒரு மூச்சு வந்துகொண்டிருந்தது. அவனுடைய மூச்சு. குனிந்து பார்த்தான். காலரில் மைக்கின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"நல்லாத் தெளிவாக் கேக்குதுண்ணா" என்றாள் மௌனிகா. "நூலகத்துல கடேசி வரிசைக்கும் கேக்கும்."

தடவித் தடவி மைக்கை அணைத்தான். "அம்மணி, நான் வந்து..."

"பொதன்கெழம எதுக்கு? இன்னிக்கே கெளம்பறேன். யாருக்கும் நட்டமில்லயே."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பான். பஸ் நேரம் கேட்பது போலச் சொன்னாள். காது மடல் வரைக்கும் சூடேறியது அவனுக்கு. கோகிலாவாவது தன் பக்கம் நிற்பாள் என்று திரும்பினான்.

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "ஏனுங்க, அவ அங்க இருக்கறதாலதான் நான் இங்க இருக்கறேனுங்களா?"

இல்லை, உன்மேல் உள்ள ஆசையால்தான் என்று சொல்ல வாயெடுத்தான். ஆனால் புழக்கடையில் அதற்கு வேறு பதில் சொல்லிவிட்டு வந்திருந்தானே.

"எங்கம்மா கூப்புட்டா நான் போயிருவனான்னு எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? அவளையும் கேக்கல, என்னையும் கேக்கல." கண்ணைத் துடைத்தாள். "இது வெங்காயத்துக்கு வந்த தண்ணி. வேற நெனச்சுக்காதீங்க."

உப்பும் நெல்லும் அவன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தன. இரண்டுக்கும் வாய் இருந்தது. நிமிர்ந்து பார்க்கக் கூச்சப்பட்டு, தரையில் கிடந்த வெங்காயத் தோலைப் பார்த்தான். பிறகு மைக்கை மறுபடியும் போட்டான். கைப்பேசியை எடுத்தான்.

"அத்தை, நான் முன்ன சொன்னது தப்புங்க." ஸ்பீக்கரில் அவன் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. "மௌனியக் கேக்காமச் சொல்லிப்போட்டேன். பொதன்கெழம கூட்டிட்டு வரலீங்க. கோகிலாவுங்களா? அத அவளத்தானுங்க கேக்கோணும்."

கோகிலா இருந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தாள். "நான் வரலம்மா. கொழம்பு வெக்கோணும்."

மறுமுனையில் சர்க்கரை கரைந்துவிட்டது. "மௌனிகிட்டக் குடுங்க" என்றாள் மயிலாத்தாள்.

கை தானாகவே கைப்பேசியை நீட்டப் போனது. நிறுத்திக்கொண்டான். "அம்மணி, பேசறயா?"

என்ன பதில் வரும் என்று தெரியாமல் தங்கையிடம் அவன் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

மௌனிகா யோசித்தாள். "இன்னிக்கு வேண்டாம். கடையில இருக்கற சட்டத்தக் கழட்டிப்போட்டு அவரையே பேசச் சொல்லு."

அதை அப்படியே, ஒரு சொல்லும் மாற்றாமல் சொன்னான். மயிலாத்தாள் கைப்பேசியை வைத்துவிட்டாள்.

"நான் சாயந்திரம் பேசப் போகல" என்றான் சசிதர், சுவரைப் பார்த்து.

"போகோணும்" என்றாள் மௌனிகா. "நானும் அண்ணியும் வாரோம். மொத வரிசையில உக்காருவோம். யாருக்கும் நட்டமில்லைங்கற எடத்துல என்ன சொல்றயின்னு கேக்கோணும்." பிறகு கோகிலாவின் முறத்திலிருந்து ஒரு கை வெங்காயம் அள்ளிக்கொண்டாள். "எங்க, இப்ப சொல்லிக் காட்டு."

சசிதர் முதலிலிருந்து ஆரம்பித்தான். பொதிமாடு வந்தது, கணவாய் வந்தது. உப்பு வரும் இடத்தில் குரல் நின்றுவிட்டது. ஸ்பீக்கரில் மூச்சு மட்டும் கேட்டது.

மௌனிகா வெங்காயத்தை உரித்தபடி காத்திருந்தாள்.