காலி செய்யச் சொல்லும் கடிதத்துக்கு ஒரு மாதிரி

1

இந்தக் கதை ஓர் ஒழுகலில் தொடங்கியது. நிஜமான ஒழுகல்தான், உள்ளர்த்தம் தேடி யாரும் சிரமப்பட வேண்டாம். நான்கு மாதமாக எங்கள் குளியலறைக் கூரை சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு சனிக்கிழமை பொறுக்க முடியாமல் புகார் சொல்லக் கீழே போனேன். திரும்பி வரும்போது என் கையில் ஒரு புத்தகம் எழுதும் வேலை இருந்தது. கூரை அப்படியே இருந்தது.

எங்கள் வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற லிஃப்ட் மெக்கானிக். ஐந்து வீடுகள் வைத்திருக்கிறார். ஒன்றில் அவரும் மனைவியும் இருக்கிறார்கள், மற்றவை வாடகைக்கு. அவர்களுக்கு மேலே, மாடியில், ஒன்பது வருடமாக நானும் என் கணவரும் மகளும்.

"எழுத்தாளரம்மா, நல்ல நேரத்துல வந்தீங்க. எனக்குத் தெரிஞ்சதை எல்லாம் ஒரு புத்தகமாப் போடணும். வாடகைக்கு விடறதுக்குன்னு வீடு வாங்கறது எப்படி, கடன் எடுக்கறது எப்படி, குடியிருக்கிறவங்களை வெச்சு நடத்தறது எப்படி. நான் சொல்லச் சொல்ல நீங்க எழுதுங்க."

"சார், குளியலறைக் கூரை..."

"அதுக்கும் ஒரு அத்தியாயம் இருக்கு."

2

அந்தப் புத்தகத்தை எழுதியபோது நடந்ததைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன். தொடக்கம் சரியாக வரவில்லை.

"வீடு என்பது வெறும் செங்கல்லும் சிமெண்டும் அல்ல, அது ஒரு..." [அடித்துவிட்டேன். இது எங்கே போய் முடியும் என்று உங்களுக்கே தெரியும்.]

"ஒரு ஊரில் ஐந்து வீடு வைத்திருந்த ஒருவர்..." [இப்படித் தொடங்கினால் கடைசியில் அவர் மனம் திருந்தியாக வேண்டும். அதற்கு நான் பொறுப்பேற்க முடியாது.]

என் கணவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. இரண்டையும் படித்துவிட்டு, "சுத்தி வளைக்காம விஷயத்துக்கு வாயேன்" என்றார்.

"என்ன விஷயம்?"

"கூரை ஒழுகுது."

3

எழுத்தாளராக என் முதல் பிரச்சினை: எனக்கு ஒரு கஞ்சப் பிசுநாறி தேவைப்பட்டார். கோபப்பட்டு எழுதுவதற்கு வசதியாக இருக்கும். ஆனால் சனிக்கிழமைதோறும் எதிரே உட்கார்ந்து அந்த மனிதர் சொன்னதெல்லாம் பொன்னான விஷயம்.

"வாங்கறதுக்கு முன்னாடி மழையில போய்ப் பாருங்க. வெயில்ல எல்லா வீடும் அழகுதான்."

"எல்லாக் குழாயையும் ஒரே நேரத்துல திறந்துவிடுங்க. அப்பதான் தண்ணியோட லட்சணம் தெரியும்."

"புரோக்கரைக் கேக்காதீங்க. பக்கத்து வீட்டம்மாவைக் கேளுங்க."

"வருஷத்துக்கு ரெண்டு மாசம் வீடு காலியாக் கிடக்கும்னே வெச்சுக்கங்க. பத்து மாச வாடகையில பன்னெண்டு மாசத் தவணை அடங்கலைன்னா அந்த வீடு உங்களுக்கு இல்ல. எழுந்து வந்துடுங்க."

"கூடப் பிறந்த தம்பிக்கு விட்டாலும் ஒப்பந்தம் எழுதுங்க. தம்பின்னா ரெண்டு பிரதி."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். கதாபாத்திரம் என் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் சொன்னார்: "பழுதுன்னு சொன்னா, ஒரு வாரத்துக்குள்ள ஆளைக் கூட்டிட்டுப் போயிடுங்க."

தட்டச்சை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

(குறிப்பு: அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் தடித்த எழுத்தில் போட்டேன். செவிடன் காதில் ஊதிய சங்கு.)

4

ஏழாம் அத்தியாயம்: குடியிருப்பவரை எப்போது மாற்றுவது?

"எழுதுங்க. ஒரே ஆள் ஏழெட்டு வருஷத்துக்கு மேல இருந்தா வாடகை பின்தங்கிடும். ஏத்திக் கேக்கவும் கூச்சமா இருக்கும். முகம் பழகிடும். முகம் பழகினா..."

"பழகினா?"

"அதோட நிறுத்திக்கங்க."

"சார், எங்களைச் சொல்றீங்களா?"

"புத்தகத்துக்குச் சொல்றேம்மா."

அதுவரை நான் 'எழுத்தாளரம்மா'. அன்றுதான் வெறும் 'அம்மா' ஆனேன். ஒன்பது வருடத்தில் முதல் தடவை.

5

மறுநாள் மொட்டைமாடியில் துணி காயப்போட வந்த அவர் மனைவிதான் விஷயத்தை உடைத்தார். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

"உங்கிட்ட மறைக்கறது எனக்குப் பெரிய பாரமா இருக்கு. அஞ்சாவது வீட்டை வாங்கினாரே, அதைக் கோடையில பார்த்து, கோடையிலயே பத்திரமும் பண்ணிட்டாரு. முதல் மழைக்கே தரை உள்வாங்கிடுச்சு. ஒருத்தரும் குடிவரலை. தவணை மட்டும் மாசம் தவறாம வருது. உங்க மாடியை வித்தாதான் மூச்சு விட முடியும். வாங்க வர்றவங்க காலியாத்தான் வேணும்கறாங்க."

"மழையில பார்க்கணும்னு எங்கிட்ட எழுதச் சொன்னாரே அக்கா!"

"பட்டதைத்தானே சொல்றாரு."

ஊருக்கு உபதேசம் என்று ஒரு நல்ல வாக்கியம் தயாராக வைத்திருந்தேன். அந்த ஒரு பதிலில் அதுவும் போயிற்று. கூரையைப் பார்க்காமல் விட்டதற்கும் காரணம் இப்போது புரிந்தது. கையில் ஒன்றும் இல்லை, சொல்ல வெட்கம். கெட்ட மனிதர் என்றால் ஒரு சண்டையோடு போயிருக்கும். நல்லவர்களோடு வாழ்வது எவ்வளவு எரிச்சல் என்பதை யாராவது ஒரு புத்தகமாகப் போடலாம்.

என் கணவரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை உதறினார். "சுவத்துல ஒரு ஆணி அடிக்கறதுக்குக்கூட அவரைக் கேட்டுட்டுத்தானே அடிச்சேன்? பொண்ணுக்குப் பள்ளிக்கூடத்துல இது கடைசி வருஷம். நடுவுல எங்க கொண்டுபோய்ச் சேக்கறது?"

மகள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

6

அடுத்த சனிக்கிழமை அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"இந்த அத்தியாயத்துக்குக் கடைசியில ஒரு மாதிரிக் கடிதம் வேணும். காலி பண்ணச் சொல்ற கடிதம். எனக்கு வார்த்தை வரலை. நீங்களே எழுதிடுங்களேன். உங்களுக்குக் கைவந்த வேலை."

நீங்களாக இருந்தால் எழுந்து போயிருப்பீர்கள். நான் எழுதினேன். அதிலும் நன்றாக எழுதினேன். தொழில் புத்தி எங்கே போகும்?

"அன்புள்ள ........ அவர்களுக்கு,
இத்தனை வருடங்கள் இந்த வீட்டைத் தங்கள் வீடாகவே பார்த்துக்கொண்டதற்கு நன்றி. வீட்டை விற்க வேண்டிய நிலை வந்துவிட்டது. இதில் தங்கள் குறை எதுவும் இல்லை. இன்றிலிருந்து ஆறு மாதங்களுக்குள் காலி செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறேன். முன்பணம் முழுவதையும் சாவி வாங்கும் அன்றே திருப்பித் தருவேன்."

இரண்டு தடவை படித்தார். "ஆறா? மூணுன்னுதானே நினைச்சேன்."

"எழுதினது நான், சார்."

"வாங்கறவர் மூணு மாசத்துக்கு மேல நிக்கமாட்டாரும்மா."

"பொண்ணுக்குப் பரீட்சை முடிய ஆறு மாசம் ஆகும்."

"இது மாதிரிக் கடிதம்தானே?"

"ஆமா சார். மாதிரிதான்."

காகிதத்தை நான்காக மடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அக்கா காபியோடு வந்தபோது அறையில் நான் மட்டும் இருந்தேன். இருவருமாக அந்தக் காபியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

7

முடிவுகள்.

அ) அவர் கடிதத்தைக் கிழித்துப் போடுகிறார்; மாடி எங்களுக்கே என்கிறார். [வாசகர்களுக்குப் பிடிக்கும். நடக்கவில்லை.]

ஆ) நாங்கள் வழக்குப் போடுகிறோம். [இது என் கணவர் சொன்ன முடிவு. வக்கீலிடம் விசாரித்துவிட்டு வந்தவர், அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.]

இ) நடந்தது. மூன்று நாள் கழித்து, கதவிடுக்கில் அந்தக் காகிதம். பெயருக்கு விட்டிருந்த இடத்தில் என் கணவர் பெயரும் என் பெயரும், லிஃப்டுக்குள் மாட்டும் அறிவிப்பு எழுதுகிற மாதிரி, ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக. கீழே கையெழுத்து. 'ஆறு' அடிக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் 'மூன்று' இருக்கும் என்று தேடினேன். இல்லை. அடிக்கோல் வைத்து இழுத்த ஒரு வெற்றுக் கோடு. பின்பக்கத்தில் பென்சிலால்:

"எழுத்தாளரம்மா, மூணுன்னு போட மனசு வரலை. ஆறுன்னு போட்டா வாங்கறவர் போயிடுவார், பேங்க் விடாது. கையெழுத்துப் போட்டுட்டேன். எண்ணை நீங்களே போட்டுக்கங்க. நான் கேள்வி கேக்கமாட்டேன்."

பாருங்கள் இந்த மனிதரை! ஐந்து வீடு வாங்கத் தெரிந்தவருக்கு ஓர் எண் எழுத வரவில்லை. ஆறு என்று எழுதினால் அவர்கள் மூழ்குகிறார்கள். மூன்று என்றால் என் மகள். நடுவில் நாலரை என்று போடலாம். இரண்டு வீட்டுக்கும் இல்லாமல் போகும். இரண்டு நாளாகக் கடிதம் மேஜை மேல் கிடக்கிறது. கணவர் அதைப் பார்க்காமல் நடக்கிறார். மகள் பார்த்துவிட்டு நடக்கிறாள்.

நான் எழுதப்போவதில்லை. அவர் என் தலையில் கட்டினார். நான் உங்கள் தலையில் கட்டுகிறேன். உங்களில் சிலர் வாடகைக்கு இருப்பீர்கள், சிலர் வாடகைக்கு விட்டிருப்பீர்கள். பேனா எல்லோரிடமும் இருக்கும்.

இன்றிலிருந்து ........ மாதங்களுக்குள் காலி செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

எழுதியாயிற்றா? இனி அதை எடுத்துக்கொண்டு கீழே போய் நீங்களே கொடுங்கள். அவர் வரமாட்டார். அக்காதான் கதவைத் திறப்பார்.