கை திக்காமல் இருக்க ஒரு சின்னக் கார்டு

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையில் நான் கண்ணால் பார்த்தது ஒரே ஒரு காட்சிதான். கீபோர்டு வாங்கக் கணினிக் கடைக்குப் போயிருந்தேன். கழுத்தில் டேப் தொங்க ஒரு தையல்காரர் நின்றுகொண்டு, கிராபிக்ஸ் கார்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, பிள்ளைகளின் சட்டைக் கைக்கு அளவெடுப்பதுபோல் அளந்துகொண்டிருந்தார். கடைக்காரப் பெண் ஒரு தாளில் எதையோ எழுதிக் காட்டினாள். அவர் அதன் கீழேயே பதில் எழுதினார். காது கேட்காதவர் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வந்த வேலையை மறந்து வீடு திரும்பினேன். மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு.

2

ஒரு தொடக்கம் எழுதினேன்:

‘ஓசையற்ற அந்த உலகத்தில் தையல்காரர் தன்னந்தனியாக…’

அடித்துவிட்டேன். அவர் எங்கே தனியாக இருக்கிறார்? கூடவே மனைவி இருக்கிறார். அவருக்கும் காது கேட்காது. பித்தான் தைப்பதும் கணவரைக் கிண்டல் செய்வதும் அவர் வேலை. தவிர, இரண்டு தையல் மெஷின் தடதடக்கிற கடையில் ஓசைக்கு என்ன பஞ்சம்? பக்கத்துக் கடைக்காரரைக் கேட்டால் தெரியும்.

மறுபடி:

‘தூரத்து ஊரில் நர்ஸாக இருக்கும் மகள் புதுப் போன் வாங்கிய நாளிலிருந்து, அவள் பேச்சு தையல்காரருக்குப் புரியவில்லை.’

இது நிற்கும். இதைப் பிடித்துக்கொண்டே போகலாம்.

(இந்த வீட்டில் பேச்சு என்றால் சைகை மொழி. மகளுக்குக் காது கேட்கும், ஆனால் அப்பா அம்மாவிடம் கையால்தான் பேசுவாள். அவர்கள் கைகள் சொல்வதை நான் வீட்டுத் தமிழில் எழுதுகிறேன். புத்தகத் தமிழில் எழுதிப் பார்த்தேன், தையல்காரர் தாசில்தார் ஆகிவிட்டார்.)

3

மகளுக்கு மாறி மாறி ஷிப்டு. அதனால் பேச நினைப்பதை வீடியோ எடுத்து அனுப்பிவிடுவாள். துணி வெட்டும் மேஜையின் ஓரத்தில் ஒல்லியான பழைய கணினிப் பெட்டி ஒன்று உண்டு. அதைப் பெரிய திரையில் இணைத்து இருவரும் பார்ப்பார்கள். பழைய போன் இருந்தவரை குறையில்லை. புதுப் போன் வந்தபின் அவள் கை பாதி வழியில் நின்று, பிறகு வேறு எங்கேயோ போய் முளைத்தது. கை திக்கினால் பேச்சும் திக்கும்.

“என்ன இவ, வரவர மென்னு முழுங்குறா?”

“பொட்டிதான் முழுங்குது. அவ எங்க முழுங்குறா?” என்றார் மனைவி.

தையல்காரர் அதை ஏற்கவில்லை. ‘ஒழுங்கா சொல்லு, ஒண்ணும் புரியல’ என்று மகளுக்குப் பதில் போட்டார். அவளும் அப்பா சொல்லைத் தட்டாமல், ஒவ்வொரு சைகையையும் பிடித்து நிறுத்தி நிதானமாகச் சொல்ல ஆரம்பித்தாள். புரிந்தது. தையல்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“எனக்கென்ன புத்தி மழுங்கிப் போச்சா? ஆஸ்பத்திரியில நோயாளிகிட்டதான் இப்படிப் பேசுவா. நான் என்ன அவ நோயாளியா?”

“உங்களுக்குப் புரியணும்னுதானே அப்படிச் சொல்றா.”

அதன்பிறகு அவள் அனுப்புவதைத் திறப்பதையே நிறுத்திவிட்டார். இதை வீம்பு என்று எழுதி, யோசித்து, அடித்தேன். கோபம் வந்தால் அவள் கை பறக்கும். அப்பனுக்குப் பெண் தப்பாமல் பிறந்திருக்கிறாள் என்று அவர் பூரித்துப்போவது அதைப் பார்த்துத்தான். நிதானமாகப் பேசுகிறவள் யாரோ ஒரு நல்ல பெண். அவருக்கு நல்ல பெண் வேண்டாம், தன் பெண் வேண்டும்.

4

கடைசியில் மனைவி பிடித்துத் தள்ளாத குறையாகக் கடைக்கு அனுப்பினார்.*

கடைக்காரப் பெண் தாளில் எழுதியது இது: “அண்ணா, புதுப் போன் வீடியோவப் புது விதமா இறுக்கி மடிச்சு அனுப்புது. உங்க பழைய பொட்டி அதப் பிரிக்கிறதுக்குள்ள மூச்சு வாங்குது. பிரிக்கிறதுக்குன்னே தனிச் சிப்பு இருக்கிற கார்டு போட்டா சரியாயிடும்.”

“விலை அதிகமா?”

“கேம் ஆடுற கார்டு உங்களுக்கு எதுக்கு? சின்னதே போதும். ஆனா ரொம்பப் பழசா எடுத்தா அதுக்கு இந்த மடிப்பு தெரியாது. தனியா கரண்டு ஒயர் கேக்கிறதும் வேணாம், உங்க பொட்டி தாங்காது.”

கழித்துக் கழித்து இரண்டு மிஞ்சின. ஒன்று குட்டை, மற்றது கொஞ்சம் உயரம். உயரமானது இன்னும் மலிவு. பெட்டியின் உள் உயரத்தை அவர் வீட்டிலேயே அளந்து எழுதிக்கொண்டு வந்திருந்தார். அவள் அதை வாங்கிப் பார்த்தாள்.

“தையல்காரர் அளவாச்சே, தப்புமா?” என்று எழுதி, உயரமானதையே எடுத்துக் கொடுத்தாள்.

* மனைவியின் போனில் பார்க்கலாமே என்பவர்களுக்கு: பார்த்தார்கள். அந்தப் போனும் பழசு, அதிலும் திக்கியது. போதாததற்கு உள்ளங்கையளவு திரை. தையல்காரர் கண்ணாடி மாற்ற வேண்டிய ஆள்.

5

தப்பியது. அளந்தபோது சரியாகத்தான் அளந்தார். எழுதும்போது, தையலுக்கென்று ஓரத்தில் கொஞ்சம் கூடுதலாக விடாமல் துணியை வெட்டியே அறியாத அந்தக் கை, தானாக ஒரு அங்குலம் கூட்டி எழுதிவிட்டது. அவருக்கே தெரியாது. கார்டைச் செருகினால் மூடி மூட மறுத்தது. திருப்பினார், அழுத்தினார், மூடியைக் குறை சொன்னார்.

மனைவி டேப்பை வாங்கி அளந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: “பொட்டிக்குமா தையலுக்கு விட்டீங்க?”

“வளர்ற பொட்டின்னு நெனச்சேன், போ.”

பெட்டியில் இடித்த, கார்டின் ஓரத்துத் தகட்டைத் திருகிக் கழற்றினார். மூடி இல்லாத பெட்டியில், தலை கொஞ்சம் வெளியே தெரிய, கார்டு உட்கார்ந்துகொண்டது.

[இந்த இடத்தில் கணினி வேலை பார்க்கும் என் தம்பியிடம் கதையைக் காட்டினேன். “அக்கா, இதுக்குப் போயி கார்டா? அந்தப் பொண்ணு போன்ல ஒரு செட்டிங்க மாத்தினா பழைய மாதிரியே பதிவாகுமே” என்றான். “அப்போ என் கதை?” “கதைக்கு வேற ஏதாவது பண்ணு.” முகம் தொங்கிப்போய் உட்கார்ந்திருந்தேன். பிறகுதான் தோன்றியது: செட்டிங்கை மாற்றினால் இனி வருவது சரியாகும். ஏற்கெனவே வந்து புரியாமலும் திறக்காமலும் கிடப்பவற்றை என்ன செய்ய? அவருக்கு வேண்டியது அவையும்தானே. தம்பி யோசித்துவிட்டு, “சரி, ஆனா மூடி இல்லேன்னா தூசி அடையும்” என்றான். அடையட்டும்.]

6

கடைசியாக வந்ததை முதலில் திறந்தார்கள். மகளின் கை ஓர் இடத்திலும் அறுபடாமல், வழுக்கிக்கொண்டு வந்தது. ஆனால் மெதுவாகவே வந்தது. கார்டு படத்தைப் பிரிக்கும், பெண்ணை மாற்றுமா?

இத்தனை நாள் திக்கலில் தெரியாத ஒன்று இப்போது தெரிந்தது. ஒவ்வொன்றையும் சொல்லி முடித்ததும் அவள் லேசாகப் புருவத்தைத் தூக்கி, புரிந்ததா என்று பார்த்தாள். தான்தான் சரியாகப் பேசவில்லை என்று அவள் நம்பிவிட்டிருந்தாள். தையல்காரருக்கு வெட்கமாக இருந்தது. அவள்மேல் பாசம் பொங்கிக்கொண்டும் வந்தது.

பிறகு, புதுப் போன் வந்த புதிதில் அனுப்பியதைத் திறந்தார். கை பறந்தது. “கண்ணாடிய மாத்துங்கன்னு எத்தன தடவ சொல்றதுப்பா? ஊசி கையில ஏறினாதான் போவீங்களா? அம்மா, நீயாவது சொல்ல மாட்டியா?”

முடிந்ததும் மறுபடி ஓட்டினார்.

“இதுல உங்களத்தான் திட்டுறா” என்றார் மனைவி.

“தெரியுது. எப்படித் திட்டுறா பாரு.”

7

முடிவு.

ஒன்று: கார்டைத் திருப்பிக் கொடுத்துக் குட்டையானதை வாங்கினார், மூடி மூடியது, சுபம். இது கார்டுக்குத்தான் முடிவு.

இரண்டு: மகள் லீவு போட்டுவிட்டுத் திடுதிப்பென்று வாசலில் வந்து…

வேண்டாம். அவளுக்கு லீவு கிடைக்காது.

மூன்று: தையல்காரர் சட்டையை நீவிவிட்டுக்கொண்டு மனைவியின் போன் முன்னால் நின்றார். “குத்தம் உன்மேல இல்ல, பொட்டிமேல. நான்தான் புரிஞ்சுக்காம உன்னச் சொல்லிட்டேன். புதுக் கார்டு போட்டாச்சு. இனிமே நீ மெதுவா சொன்னா நான் பாக்க மாட்டேன். எவ்வளவு வேகமா வேணும்னாலும் திட்டு” என்றார். அனுப்பிவிட்டார்கள். இதுவரை எனக்கும் நிச்சயமாகத் தெரியும்.

மறுநாள், வாடிக்கையாளர் ஒருவர் பாவாடைக்கு நாடா கோத்து வாங்கிக்கொண்டு போன கையோடு, பதில் வந்தது. பெரிய திரையில் மகள் முகம் அசையாமல் நிற்கிறது. “தெறக்கட்டுமா?” என்கிறார் மனைவி. தையல்காரர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். நாளெல்லாம் நோயாளிகளிடம் நிதானமாகப் பேசுகிறவள், அப்பா சொல்லியே வேகத்தைக் குறைத்தவள். ஒருமுறை அடங்கிய கை மறுபடி பறக்குமா என்று அவருக்குப் பயம்.

அவள் திட்ட வேண்டும், விரல் வலிக்கத் திட்ட வேண்டும் என்பது என் ஆசை. எழுதவும் எழுதினேன். படித்தால், திட்டியது அவள் இல்லை, நான். அதை அவருக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை, கிழித்துவிட்டேன்.

அதனால் நீங்கள் திறவுங்கள். சைகை மொழி தெரியாவிட்டாலும் பரவாயில்லை. திரையைப் பார்க்காதீர்கள், அவர் முகத்தைப் பாருங்கள். தெரிந்துவிடும்.