பக்கத்து வீட்டுக்குப் போங்க

வெள்ளம் வடிந்த வாரத்தில், ஆர் ஆற்றுப் பள்ளத்தாக்கின் அந்தச் சின்ன ஊரில் டை கட்டிக்கொண்டு நடமாடிய ஒரே மனிதர் ஏகோன் கெசலர்தான். முழங்கால்வரை சேறு. இடுப்பில் யாரோ தானமாக அனுப்பிய பூப்போட்ட கால்சட்டை. கழுத்தில் மட்டும் கம்பீரம். ஊர் கார்னிவல் திருவிழாச் சங்கத்தின் தலைவர்; கிறிஸ்துமஸ்தோறும் ஏழைகளுக்குக் கூடை கொடுத்து, அப்படியே புகைப்படத்துக்கும் நிற்பவர்.

அவர் மனைவி ரோஸ்விதாவுக்குக் கவலை ஒன்றுதான். நிலவறையில் வீட்டைச் சூடாக்கும் எண்ணெய்த் தொட்டி கவிழ்ந்து சேற்றோடு கலந்து கிடந்தது. இறுகுவதற்குள் அள்ளிக் கொட்டாவிட்டால் சுவர் எண்ணெயைக் குடித்துவிடும், பிறகு இடிப்பதைத் தவிர வழியில்லை என்று பொறியாளர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். இருந்ததோ வயதான இரண்டு பேர், ஒரு வாளி.

அந்த நேரத்தில்தான் தூரத்து வடகடல் பக்கத்து விவசாயிகள் சிலர் உதவி செய்ய மண்வாரிகளோடு வாசலில் வந்து நின்றார்கள். முன்னால் நின்றவள் ஆன்ட்யே, கதவு உயரப் பெண்.

"ஐயா, எங்க அள்ளணும்? காட்டுங்க."

"ரொம்ப சந்தோஷம்மா," என்றார் ஏகோன். "ஆனா எங்களுக்கு அப்படி ஒண்ணும் பெருசா ஆகல. பக்கத்துல லோதார் வீடு, பாவம். அங்க போங்க."

"ஒண்ணும் ஆகலியா?" என்றாள் ரோஸ்விதா. "நடு ஹால்ல மீன் கிடக்கு, ஏகோன்."

"சின்ன மீன்தானே."

கூட்டம் நகர்ந்தது. ரோஸ்விதா மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். லோதார் அவர்களுக்குக் காபி கொடுத்து அடுத்த வீட்டைக் காட்டினார். அடுத்த வீட்டு வால்ட்ராவுட் அதற்கடுத்த வீட்டைக் காட்டினாள். பாதி வீட்டை ஆற்றுக்குக் கொடுத்திருந்த ரொட்டிக்கடைக்காரர்கூட மிச்சப் பாதியில் சாய்ந்து நின்று, "என்னைவிட அவங்களுக்குத்தான் மோசம்" என்று கை நீட்டினார். பரிதாபப்படுவதில் அந்தத் தெருவை யாரும் மிஞ்ச முடியாது. பரிதாபத்துக்கு ஆளாகத்தான் ஒருவரும் தயாராக இல்லை.

மதியத்துக்குள் வந்தவர்கள் வயிறு நிறையக் காபி குடித்திருந்தார்கள். மண்வாரிகள் கடையிலிருந்து வாங்கியபடியே பளபளத்தன. சுற்றிவிட்டு மறுபடி கெசலர் வாசலுக்கே வந்தார்கள்.

"கடைசி வீட்டுல சொன்னாங்க," என்றாள் ஆன்ட்யே. "இந்தத் தெருவுலயே ரொம்ப நொந்து போனது நீங்கதானாம். பாவமாம்."

"பாவமா! நானா! எவன் சொன்னது?"

ரோஸ்விதா படியிறங்கி வந்தாள். இந்த மனிதரோடு குப்பை கொட்டிய அனுபவம் அவளுக்கு நிறைய உண்டு.

"ஏகோன், லோதார் பாவம்னு சொன்னியே. வாளிய எடு. போய் அள்ளு."

"அது... செய்யலாம்," என்றார் ஏகோன், சங்கத் தீர்மானத்தை ஆமோதிப்பவர்போல.

அவர் போனதும் ஆன்ட்யேயிடம் திரும்பினாள். "இங்க யாரையும் அவங்கவங்க வீட்டுல வச்சு உதவ முடியாதும்மா. அடுத்த வீட்டுல ஆள் வேணும்னு கூப்பிட்டுப் பாருங்க, ஓடி வருவாங்க."

ஓடித்தான் வந்தார்கள். கெசலரின் நிலவறைக்கு லோதார், வால்ட்ராவுட் வீட்டுக்கு ரொட்டிக்கடைக்காரர், அவருடைய பாதி வீட்டுக்கு வால்ட்ராவுட். ஒவ்வொரு வீட்டிலும் ஆன்ட்யேயின் ஆட்கள் சிலர். வாளிகள் கைமாறிக்கொண்டே மேலேறின. பக்கத்து வீட்டிலிருந்து ஏகோனின் குரல் சுவரைத் தாண்டி வந்தது: "வாளிய அப்படிப் பிடிக்காதீங்க! ஒரு ஒழுங்கு வேணாமா?"

"வீட்டுலயும் இப்படித்தானா?" என்று கேட்டார் லோதார்.

"இங்க இன்னும் கொஞ்சம் சத்தமா இருக்கும்."

சாயங்காலம் நிலவறையின் செங்கல் தரை தெரிந்தது. பொறியாளர் சுவரைத் தட்டினார், முகர்ந்தார், மறுபடி தட்டினார். "இடிக்க வேணாம். காயட்டும்," என்றார். ரோஸ்விதா அந்த ஈரச் சுவரிலேயே நெற்றியை வைத்துச் சிறிது நேரம் நின்றாள்.

ஏகோன் வந்தபோது தலைமுதல் கால்வரை ஒரே நிறம். தன் நிலவறைத் தரையையே பார்த்தார். படிகளில் முன்பின் தெரியாதவர்கள் பட்டாணி சூப் குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் தொண்டையைச் செருமினார். உரை வரப்போகிறது என்று லோதார் பயந்தே போனார்.

"மதிப்புக்குரிய..." என்று தொடங்கினார் ஏகோன்.

லோதார் படியில் சற்று நகர்ந்து இடம் விட்டார். ஏகோன் உட்கார்ந்தார். ஆன்ட்யே ஒரு கிண்ணத்தை அவர் கையில் திணித்தாள். யாருக்குக் கொடுப்பது என்று அவர் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"எல்லாருக்கும் குடுத்தாச்சு ஐயா. இது உங்களுக்குத்தான்."

ஒரு வாய் குடித்தார். "உப்பு கொஞ்சம் கம்மி," என்றார். பிறகு முழுதும் குடித்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல், மறுபடி ஊற்றக் காலிக் கிண்ணத்தை நீட்டினார்.